வெல்ஷ் மொழியில் பள்ளி ஒளிபரப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது வேல்ஸ். மக்கள்தொகை முப்பது லட்சத்துக்குச் சற்று அதிகம். அதில் 2021 கணக்கெடுப்பின்படி வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 5,38,300 பேர், அதாவது 17.8 சதவீதம். இவ்வளவு சின்னக் கூட்டத்தின் பிள்ளைகளுக்காக வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அவர்கள் மொழியிலேயே பாடம் நடத்தியிருக்கிறார்கள், இப்போதும் வேறு வடிவத்தில் நடத்துகிறார்கள். அது பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் என்னால் முடிந்த பதில்களும் கீழே.

பள்ளி ஒளிபரப்பு என்றால் குழந்தைகள் நிகழ்ச்சிதானே?

இல்லை. குழந்தைகள் நிகழ்ச்சியைப் பிள்ளை வீட்டில் பாயில் படுத்துக்கொண்டு பார்க்கும், பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடும். பள்ளி ஒளிபரப்பு வகுப்பு நேரத்தில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, பாடத்திட்டத்தை ஒட்டி வருவது. பருவம் தொடங்கும் முன்பே நிகழ்ச்சி அட்டவணையும் ஆசிரியர் குறிப்பேடும் பள்ளிக்கு வந்துவிடும். நிகழ்ச்சிக்கு முன்னால் என்ன சொல்ல வேண்டும், பார்த்து முடித்தபின் பிள்ளைகளை என்ன செய்யச் சொல்லலாம் என்பதெல்லாம் அந்தக் குறிப்பேட்டில் இருக்கும். நிகழ்ச்சி இருபது நிமிடம் என்றால் பாடம் ஒரு மணி நேரம்.

வேல்ஸில் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியுமே, அப்புறம் வெல்ஷில் எதற்கு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை.

ஒரு பிள்ளைக்கு வீட்டு மொழி வெல்ஷ் என்று வைத்துக்கொள்வோம். அம்மா திட்டுவது வெல்ஷ், தாத்தா கதை சொல்வது வெல்ஷ், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் வெல்ஷ். ஆனால் எரிமலை எப்படி வெடிக்கிறது, பின்னத்தை எப்படிக் கூட்டுவது, நிலாவுக்கு எப்படிப் போனார்கள் என்பதெல்லாம் ஆங்கிலத்தில் மட்டுமே காதில் விழுந்தால் அந்தப் பிள்ளை தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடும்: வெல்ஷ் வீட்டுக்கு, ஆங்கிலம் உலகத்துக்கு. யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பள்ளி ஒளிபரப்பு அடித்தது இந்த முடிவைத்தான். மொழியை வாழ்த்திப் பேசும் நிகழ்ச்சியைவிட, தவளையின் வாழ்க்கைச் சுழற்சியை வெல்ஷில் விளக்கும் நிகழ்ச்சி மொழிக்கு அதிகம் செய்தது என்பது என் கட்சி.

இதற்கு ஒரு பழைய வடுவும் உண்டு. 1847இல் அரசு வெளியிட்ட கல்வி அறிக்கை வெல்ஷ் மொழியையே பின்தங்கிய நிலைக்குக் காரணமாகக் காட்டியது. நீல அட்டை போட்டிருந்ததால் அதற்கு 'நீலப் புத்தகங்கள்' என்று பெயர். அந்த நூற்றாண்டில் பல பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். அடுத்து யார் வெல்ஷ் பேசி மாட்டுகிறார்களோ அவர்கள் கழுத்துக்கு அது மாறும், கடைசியில் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அடி. ஆங்கில வழிப் பள்ளியில் தமிழ் பேசி அபராதம் கட்டியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

எப்போது ஆரம்பித்தது?

பிபிசியின் கார்டிஃப் நிலையம் 1923 பிப்ரவரி 13 அன்று பேசத் தொடங்கியது. பள்ளிகளுக்கான முதல் தேசிய ஒலிபரப்பு 1924 ஏப்ரல் 4. அன்று இசை பற்றிப் பேசியவர் வால்ஃபோர்ட் டேவிஸ். அவர் வேல்ஸின் அபரிஸ்ட்வித் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் இசைப் பேராசிரியர். ஆக, ஆரம்பத்திலேயே வேல்ஸ் உண்டு, ஆனால் ஆங்கிலத்தில்.

வானொலியில் வெல்ஷுக்குக் கிடைத்த இடம் அவ்வளவு குறைவாக இருந்தது. 1927இல் கல்வியிலும் வாழ்க்கையிலும் வெல்ஷின் நிலை பற்றி வந்த ஓர் அதிகாரபூர்வ அறிக்கை, பிபிசியின் போக்கை மொழிக்கு வந்த பெரிய ஆபத்துகளில் ஒன்று என்றே எழுதியது. அரசு அறிக்கைகள் இந்தத் தொனியில் பேசுவது அபூர்வம்.

அலைவரிசைச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தென்மேற்கு இங்கிலாந்தையும் வேல்ஸையும் ஒரே பகுதியாகக் கட்டிப்போட்டிருந்தார்கள். வெல்ஷ் வந்தால் இங்கிலாந்துக்காரர்களுக்குக் கோபம், வராவிட்டால் வேல்ஸ்காரர்களுக்கு. 1935இல் வடக்கே பாங்கோரில் ஒரு கலையகம் வந்தது. 1937இல்தான் வேல்ஸுக்கென்று தனி வானொலிப் பகுதி கிடைத்தது. அதன்பிறகே பள்ளிகளுக்கு வெல்ஷில் ஒழுங்காகச் செய்ய வழி பிறந்தது. பிரிட்டனில் தொலைக்காட்சி வழிப் பள்ளிப் பாடம் 1957 மே மாதம் தனியார் நிறுவனம் ஒன்றால் தொடங்கியது. பிபிசி அதே ஆண்டு செப்டம்பரில் சேர்ந்துகொண்டது. வேல்ஸுக்கு பிபிசியின் தனித் தொலைக்காட்சிச் சேவை கிடைக்க 1964 ஆனது.

வகுப்பில் அது எப்படி நடந்தது?

தொலைக்காட்சிப் பெட்டி வகுப்பில் இருக்காது. உயரமான சக்கர வண்டி ஒன்றின் உச்சியில், கதவு வைத்த மரப்பெட்டிக்குள் அது உட்கார்ந்திருக்கும். முழுப் பள்ளிக்கும் ஒன்றுதான். இரண்டு பெரிய பையன்கள் அதைத் தாழ்வாரம் வழியாகத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பெட்டி சூடேற நேரமாகும் என்பதால் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். திரையில் நிகழ்ச்சி தொடங்கும் வரை ஒரு வட்டம் மெல்லத் தேய்ந்துகொண்டே இருக்கும், பின்னணியில் ஏதோ ஓர் இசை. அந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் பாடத்தை மறந்திருப்பார்கள், அந்த வட்டத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

நேரலை என்பதால் நிறுத்தி வைக்க முடியாது. ஆசிரியர் ஏதாவது கேட்டுக்கொண்டிருக்கும்போதே படம் ஓடிவிடும். அதனால் நல்ல தயாரிப்பாளர்கள் நிகழ்ச்சிக்குள்ளேயே இடைவெளி விட்டார்கள்: ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் திருப்பிச் சொல்லும் அளவுக்கு மௌனம். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது ஏதோ கோளாறு போலத் தெரியும். வீடியோ கேசட் வந்ததும் இந்த இடைவெளிக்குத் தேவை போயிற்று. பதிவு செய்து, வேண்டிய இடத்தில் நிறுத்திக் காட்டலாம் என்றானது. பெரிய மாற்றம் வண்ணமோ செயற்கைக்கோளோ அல்ல, இந்த நிறுத்தும் பொத்தான்தான்.

வேல்ஸின் மலைகளையும் சொல்லியாக வேண்டும். குறுகலான பள்ளத்தாக்கு ஒவ்வொன்றிலும் அலை எட்டாத மூலை உண்டு. அதற்காகச் சின்னச் சின்ன மறுஒலிபரப்புக் கோபுரங்களை ஏகப்பட்ட இடங்களில் நட வேண்டியிருந்தது. வெல்ஷ் அதிகம் பேசும் கிராமங்கள் பலவும் இப்படிப்பட்ட மலைமடிப்புகளில்தான் இருந்தன.

நிகழ்ச்சி யாருக்காக? வெல்ஷ் தெரிந்த பிள்ளைக்கா, படிக்கிற பிள்ளைக்கா?

தயாரிப்பாளர்களின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி இது. முழுக்க வெல்ஷில் நடக்கும் முதல் ஆரம்பப் பள்ளி 1939இல் அபரிஸ்ட்வித்தில் ஏழு பிள்ளைகளோடு தொடங்கியது. தொடங்கியவர் இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ். இதே ஆள்தான் 1935இல் வெல்ஷின் முதல் பேசும் படத்தையும் எடுத்தவர். பிள்ளைகளுக்கு மொழி பிடிக்க வேண்டுமானால் திரையும் வேண்டும் என்று அப்போதே தெரிந்திருக்கிறது. பிறகு வெல்ஷ் வழிப் பள்ளிகள் பெருகின. இன்னொரு பக்கம் ஆங்கில வழிப் பள்ளிகளிலும் வெல்ஷ் ஒரு பாடமாக 1990இலிருந்து கட்டாயமாகத் தொடங்கி, 1999க்குள் 16 வயது வரை நீண்டது.

இந்த இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் ஒரே நிகழ்ச்சி போட முடியாது. ஏன் என்பதற்கு ஒரு பூனை போதும். வெல்ஷில் பூனை என்றால் 'காத்'. 'அந்தப் பூனை' என்றால் முதல் எழுத்து மெலிந்து, 'மகள்' என்பதில் வரும் க போல ஆகிவிடும். 'அவளுடைய பூனை' என்றால் அதே எழுத்து தொண்டையில் உரசி 'ஃகாத்' மாதிரி. 'என் பூனை' என்றால்? 'ஙாத்', கூடவே கொஞ்சம் மூச்சு. நாம் அரிச்சுவடியில் ங-வுக்கு ஒரு சொல் தேடித் திண்டாடுகிறோம், அவர்களுக்குப் பூனை வளர்த்தாலே வந்துவிடுகிறது.

வீட்டில் வெல்ஷ் பேசும் பிள்ளைக்கு இதெல்லாம் மூச்சு விடுவது மாதிரி. புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கோ ஒரே பூனை நான்கு வேடத்தில் வருகிறது. அவனுக்கு மெதுவாக, ஒரே வாக்கிய அமைப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லும் நிகழ்ச்சி வேண்டும். அதை முதல் வகைப் பிள்ளைக்குப் போட்டால் ஐந்தாவது நிமிடத்தில் பெஞ்சுக்கு அடியில் சண்டை நடக்கும். ஆகவே இரண்டு தொடர்கள், இரண்டு குறிப்பேடுகள், இரண்டு செலவு. வெல்ஷில் கற்பதற்கும் கற்பிப்பதற்கும் 'டஸ்கி' என்று ஒரே சொல்தான். தயாரிப்பாளர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

எந்த வட்டார வழக்கில் பேசினார்கள்?

வடக்கும் தெற்கும் கேலி செய்துகொள்ளும் விஷயம் இது. பாட்டி வடக்கே 'நைன்', தெற்கே 'மம்-கீ'. பாலுக்கு வடக்கே ஒரு சொல், தெற்கே வேறு சொல். 'இப்போது' என்பதற்கு இரு பக்கத்துச் சொற்களையும் எழுதிப் பார்த்தால் ஒன்று மற்றொன்றின் எழுத்துகளைப் பின்னாலிருந்து முன்னால் எழுதியது போல இருக்கும். மதுரைப் பிள்ளைக்கு யாழ்ப்பாணத்துத் தொகுப்பாளர் பாடம் நடத்துவதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். புரியும், ஆனால் முதலில் சிரிப்பு வரும்.

1960களில் 'வாழும் வெல்ஷ்' என்று பொருள்படும் பெயரில் ஒரு பொதுப் பேச்சு நடையைக் கற்போருக்காக உருவாக்கிப் பார்த்தார்கள். இலக்கியப் பாடப்புத்தக மொழிக்கும் தெருமொழிக்கும் நடுவில் ஒரு நடை. யாருடைய வீட்டிலும் பேசாத மொழி என்று அதற்குத் திட்டும் விழுந்தது. கடைசியில் நிலைத்தது என்னவோ சாதாரண ஏற்பாடுதான்: வடக்கத்தி ஒருவர், தெற்கத்தி ஒருவர், அவரவர் வழக்கில் பேசட்டும், பிள்ளைகள் இரண்டையும் கேட்டுப் பழகட்டும்.

அறிவியலுக்கும் கணக்குக்கும் சொற்கள் இருந்தனவா?

கணக்கில் ஒரு சுவாரசியம். பழைய வெல்ஷ் எண்கள் இருபது இருபதாக எண்ணுபவை. 16 என்றால் 'பதினைந்தின் மேல் ஒன்று', 18 என்றால் 'இரண்டு ஒன்பது', 99 என்றால் 'பதினைந்தின் மேல் நான்கும் நான்கு இருபதும்'. கேட்க அழகு, கூட்டல் போட அவ்வளவாக உதவாது. பள்ளிகளில் பத்து பத்தாக எண்ணும் எளிய முறையே இடம்பிடித்தது: 99 என்றால் 'ஒன்பது பத்து ஒன்பது'. பழைய முறை மணி சொல்லவும் வயது, தேதி சொல்லவும் இன்னும் இருக்கிறது. தொண்ணூறையும் தொள்ளாயிரத்தையும் வைத்துக்கொண்டிருக்கும் நாம் சிரிக்க முடியாது.

அறிவியலில் கொஞ்சம் கலவை. கணினிக்கும் மின்சாரத்துக்கும் சொந்தச் சொற்கள் உண்டு, ஆக்சிஜனை அப்படியே எடுத்துத் தங்கள் எழுத்துமுறையில் 'ஒக்சிகென்' என்று எழுதிக்கொண்டார்கள். உயிர்வளியா ஆக்சிஜனா என்று நாம் போடும் சண்டை அங்கேயும் வேறு சொற்களை வைத்து நடக்கும். பாங்கோர் பல்கலைக்கழகத்தில் பள்ளிகளுக்கான கலைச்சொல் அகராதியைத் தொகுத்துப் புதுப்பித்து வருகிறார்கள். பாடநூலும் தேர்வுத்தாளும் திரையும் ஒரே சொல்லைச் சொன்னால்தான் பிள்ளை பிழைக்கும். மைக்ரோவேவ் அடுப்புக்கு வெல்ஷில் 'பொப்டி பிங்' என்று இணையத்தில் சுற்றுகிறதே, அது வேடிக்கைக்குச் சொல்வது. பாடத்தில் வராது.

ஒரு சேனலுக்காக உண்ணாவிரதம் என்று கேள்விப்பட்டேனே?

உண்மைதான். 1982 வரை வெல்ஷ் நிகழ்ச்சிகள் ஆங்கிலச் சேனல்களின் இடுக்குகளில் வந்தன. ஆங்கிலம் மட்டும் தெரிந்த வேல்ஸ்காரர்கள் பலர், தங்கள் நிகழ்ச்சி பறிபோகிறது என்று ஆன்டெனாவை இங்கிலாந்துக் கோபுரங்களின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்கள். பகல் நேரப் பள்ளி நிகழ்ச்சிகள் இந்தச் சண்டையில் ஓரளவு தப்பின என்று நினைக்கிறேன். காலை பதினொரு மணிக்கு எதையும் இழந்ததாகப் புகார் சொல்ல ஆள் குறைவு.

புதிதாக வரப்போகும் நான்காவது சேனலை வெல்ஷுக்குத் தருவதாக 1979 தேர்தலின்போது சொன்ன கன்சர்வேடிவ் கட்சி, ஆட்சிக்கு வந்ததும் பின்வாங்கியது. பலர் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்ட மறுத்தார்கள். அந்த அக்டோபரில் பென்காரெக் ஒளிபரப்புக் கோபுர நிலையத்துக்குள் மூன்று பேர் புகுந்து ஒளிபரப்பை நிறுத்தினார்கள். இளரத்தம் என்று நினைப்பீர்கள். ஒருவர் இறையியல் கல்லூரி முதல்வராக இருந்த பென்னர் டேவிஸ், ஒருவர் பல்கலைக்கழக ஆசிரியர் நெட் தாமஸ், மூன்றாமவர் மெரெடித் எவன்ஸ். இவர் முன்பு பிபிசி வேல்ஸிலேயே பொழுதுபோக்குப் பிரிவின் தலைவராக இருந்தவர்.

1980 மே மாதம், வேல்ஸின் தேசியவாதக் கட்சியான பிளைட் கம்ரியின் மூத்த தலைவர் க்வின்வோர் எவன்ஸ், சேனல் தராவிட்டால் அக்டோபரிலிருந்து சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார். செப்டம்பர் 17 அன்று தாட்சர் அரசு இறங்கி வந்தது. உண்ணாவிரதம் தொடங்கவே தேவைப்படவில்லை. 1982 நவம்பர் 1 அன்று எஸ்4சி என்ற பெயரில் அந்த வெல்ஷ் சேனல் ஒளிபரப்பைத் தொடங்கியது. வாரத்துக்குச் சுமார் பத்து மணி நேர நிகழ்ச்சிகளை பிபிசி இலவசமாகத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. வெல்ஷ் பள்ளி நிகழ்ச்சிகளும் காலப்போக்கில் அங்கே போய்ச் சேர்ந்தன.

கார்ட்டூனும் கல்வியா?

எஸ்4சி தொடங்கிய நாளிலேயே வந்தது 'சூப்பர்டெட்' என்ற கரடிபொம்மைக் கார்ட்டூன். வெல்ஷில் முதலில் வந்து பிறகு ஆங்கிலத்துக்குப் போனது. வழக்கமான திசைக்கு நேர் எதிர். உலகம் முழுக்க ஓடிய தீயணைப்பு வீரர் சாம் கதையும் வேல்ஸில் பிறந்ததுதான். அவர் ஊரான பொன்டிபாண்டி, பொன்டிப்ரித், டோனிபாண்டி என்ற இரண்டு நிஜ ஊர்ப் பெயர்களை ஒட்டிச் செய்த பெயர்.

2008இல் மழலையருக்காக 'கியூ' சேவை வந்தது. பெயருக்குக் கோழிக்குஞ்சு என்று பொருள், மஞ்சள் குஞ்சு ஒன்றுதான் அடையாளம். வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுகிற, ஆனால் பிள்ளையை வெல்ஷ் மழலையர் குழுவுக்கு அனுப்புகிற பெற்றோர் வேல்ஸில் நிறைய. அந்தப் பிள்ளைக்குப் பள்ளி விட்டபின் வெல்ஷ் காதில் விழும் ஒரே இடம் இந்தக் குஞ்சாக இருக்கலாம். பாடத்திட்டம் கிடையாது, ஆனாலும் இதைக் கல்வி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

செலவு?

இங்கேதான் உதைக்கிறது. கடல் அலை பற்றி பதினைந்து நிமிடப் படம் எடுக்க ஐந்து கோடிப் பேர் பேசும் மொழியானாலும் ஐந்து லட்சம் பேர் பேசும் மொழியானாலும் அதே கேமரா, அதே படகு. தலைக்குக் கணக்குப் போட்டால் சிறிய மொழி எப்போதும் தோற்கும். அதனால்தான் இது சந்தையில் ஓடுகிற வண்டி அல்ல. எஸ்4சிக்குத் தொடக்கத்தில் பிரிட்டனின் தனியார் சேனல்கள் பணம் கட்டின, பிறகு அரசு கருவூலம் கொடுத்தது, 2022இலிருந்து முழு பொதுப்பணமும் உரிமக் கட்டணத்திலிருந்து வருகிறது. செலவைக் குறைக்க ஆங்கிலப் படத்துக்கு வெல்ஷ் குரல் கொடுப்பதும் உண்டு. எரிமலைக்கு அது சரி. வரலாற்றுப் பாடத்துக்குச் சரிவராது. லண்டனிலிருந்து பார்த்த வரலாற்றை வெல்ஷில் கேட்பது போல ஆகிவிடும்.

கொரோனா காலத்தில் என்ன ஆயிற்று?

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஆங்கில வழிப் பிள்ளைக்கு வகுப்பு போனது. ஆங்கிலம் பேசும் வீட்டிலிருந்து வெல்ஷ் வழிப் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு வகுப்போடு மொழியும் போனது. வீட்டுப்பாடத்தின் கேள்வியே அம்மாவுக்குப் புரியாது. ஏப்ரல் 20 முதல் பிபிசி தன் 'பைட்சைஸ்' தளத்தில் தினப்பாடங்களைத் தொடங்கியபோது வேல்ஸுக்காக வெல்ஷிலும் பாடப்பொருள் வந்தது. அயர்லாந்தில் ஐரிஷ் மொழிச் சேனலான டிஜி4 அதே மார்ச்சிலேயே ஐரிஷ் வழிப் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சி வகுப்பை ஆரம்பித்துவிட்டது. தேய்ந்த வட்டத்தோடு முடிந்துபோனதாக நினைத்த ஒன்று சில வாரங்களிலேயே திரும்ப வேண்டியதாயிற்று.

இப்போது எங்கே இருக்கிறது?

அட்டவணை போட்ட ஒளிபரப்பாகப் பெரும்பாலும் இல்லை. துண்டுப் படங்களாக இணையத்தில் இருக்கிறது. வேல்ஸ் அரசின் 'ஹுப்' தளம் 2012இலிருந்து பள்ளிகளுக்கு இரு மொழியிலும் பாடப்பொருள் தருகிறது. 2022இல் புதிய பாடத்திட்டம் வந்தபின், வளங்களை இரு மொழியிலும் ஒரே நேரத்தில் கொண்டுவருவதற்கென்றே 'அட்நோத்' என்ற நிறுவனத்தை அரசு அமைத்தது. அந்த 'ஒரே நேரத்தில்' என்பதற்குப் பின்னால் பல பத்தாண்டு எரிச்சல் இருக்கிறது. ஆங்கிலப் புத்தகம் செப்டம்பரில் வரும், வெல்ஷ் புத்தகம் அடுத்த வசந்தத்தில் வரும், தேர்வு மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே நாளில்.

சரி, பலன் இருந்ததா?

1911இல் 43.5 சதவீதம் பேருக்கு வெல்ஷ் தெரிந்திருந்தது. 1961இல் 26, 1981இல் சுமார் 19. அதன்பிறகு சரிவு ஏறக்குறைய நின்றது, 2001இல் 20.8 என்று ஏறியும் பார்த்தது, 2011இல் 19, 2021இல் 17.8. இதில் ஒளிபரப்பின் பங்கு எவ்வளவு, பள்ளியின் பங்கு எவ்வளவு என்று பிரித்து எடுப்பது சாம்பாரிலிருந்து உப்பைப் பிரிப்பது போல. 2050க்குள் பத்து லட்சம் பேர் என்பது 2017இல் அரசு வைத்த இலக்கு. பள்ளியில் வெல்ஷ் கற்ற பிள்ளை விளையாட்டுத் திடலில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது என்று ஆசிரியர்கள் இன்றும் புலம்புகிறார்கள். அங்கே எந்தத் திரையும் எட்டவில்லை.

தமிழோடு ஒப்பிடலாமா?

தமிழ்நாட்டோடு வேண்டாம். 2019இல் வந்த நம் கல்வித் தொலைக்காட்சிக்குப் பெரும்பான்மையின் மொழி, மாநில அரசு இரண்டும் துணை. சிங்கப்பூர் பொருத்தம். அங்கே 1967இல் பள்ளித் தொலைக்காட்சி தொடங்கியபோது நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாகத் தமிழும் இருந்தது. வீட்டில் ஆங்கிலம், பள்ளியில் ஒரு பாடமாகத் தாய்மொழி என்கிற நிலை இரண்டு ஊர்களுக்கும் பொது.

இங்கிருந்து பார்க்க முடியுமா?

எஸ்4சியின் முழு நிகழ்ச்சிகள் பலவும் பிரிட்டனுக்குள் மட்டும். யூடியூபில் 'கியூ' துண்டுகள் கிடைக்கும், எண்ணுப் பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அப்புறம் பள்ளிக்கான சொல்லைக் கவனியுங்கள்: 'அஸ்கோல்'. வெல்ஷில் ஏணிக்கும் அதே சொல்தான், சுவரில் சாத்துகிற ஏணிக்கு.